காரின் முதுகில் ஒரு மஞ்சள் ஸ்கூட்டர்

ஆஸ்டினில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் பழைய மஞ்சள் ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினேன். அதை ஹூஸ்டன் வரை ஓட்டிவர எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால் என் கணவர், காருக்குப் பின்னால் இருக்கும் ஹிட்ச் என்கிற இரும்புக் குழாயில் செருகிப் பூட்டுகிற, வண்டி ஏற்றும் கேரியர் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கிவந்திருந்தார். சென்னையிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த மாமியாரும் சேர்ந்துகொண்டார்.

சாய்பலகை வழியாக ஸ்கூட்டரை மேலே தள்ளினோம். பாதி ஏறியதும் அது எங்களைக் கேட்காமலே பின்னால் உருண்டுவந்தது. நான் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்ததில் கையில் பலம் போய்விட்டது.

"சிரிக்காத, தள்ளு" என்று சொன்ன கணவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். மூன்றாம் முறை ஏற்றி, நாடாப் பட்டைகளால் இறுக்கிக் கட்டினோம்.

ஃப்ரீவேயில் வேகமெடுத்ததும் பின்னாலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கேட்டது. கணவர் உடனே வேகத்தைக் குறைத்தார். "ஏதோ லூஸாயிடுச்சு" என்று அடுத்த எக்ஸிட்டில் வெளியேறி ஓரமாக நிறுத்தினார். எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்தோம், ஒன்றும் அசையவில்லை. விரலால் சுண்டியபோது ஒரு பட்டை மட்டும் அதிர்ந்தது. காற்றுப் பட்டுப் பாடியிருக்கிறது. அதை அவிழ்த்து ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டியதும் அடங்கிப்போனது.

"நல்லா பாடிட்டு இருந்துச்சு, ஏன் நிறுத்தினீங்க?" என்றார் மாமியார்.

ஹூஸ்டனை எட்டியதும், இந்தியக் கடைகள் நிறைந்த ஹில்கிராஃப்டில் தோசை சாப்பிட நிறுத்தினோம். கணவர் ஆர்டர் கொடுக்க உள்ளே போனார். மாமியார் ஸ்கூட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் ஒரு தடவ முன்னாடி உக்காரட்டுமா? இத்தன வருஷமா பின் சீட்டுதான்."

"இதுமேலயா, அத்தை?"

"இவ்ளோ கட்டியிருக்கீங்களே, எங்க ஓடப்போகுது?"

சொன்ன கையோடு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, என் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தே விட்டார். கார் லேசாக ஒரு பெருமூச்சு விட்டு அமுங்கியது. இரண்டு கைகளாலும் ஹேண்டிலைப் பிடித்து நிமிர்ந்தார்.

"சாவி குடு."

கொடுத்தேன். சாவியைத் திருப்பி ஹார்னை அழுத்தினார். மளிகைப் பைகளோடு போய்க்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒரு அங்கிள், "ஆன்ட்டி, எந்த ஊருக்குப் போறீங்க?" என்று கேட்டார்.

"டல்லாஸ்" என்று சொல்லி இன்னொரு முறை அழுத்தினார்.

வெளியே வந்த கணவர் கதவருகிலேயே நின்றுவிட்டார். "அம்மா, இறங்கு. கேரியர் வெயிட் தாங்காது."

"என்னைக் குண்டுன்னு சொல்றான் பாரு" என்று மாமியார் அந்த அங்கிளிடம் முறையிட்டார். பிறகு இறங்கப் பார்த்தார். புடவை பட்டையில் சிக்கியிருந்தது. கணவர் குனிந்து அதை விடுவிக்க, நான் மாமியாரைத் தாங்கிப் பிடிக்க, மூவரும் சிரித்த சிரிப்பில் வேலை நடக்கவே இல்லை. உள்ளேயிருந்து ஆள் வந்து தோசை ஆறுகிறது என்று சொன்ன பிறகுதான் ஒருவழியாக அவரைத் தரையில் இறக்கினோம்.