பேத்தையின் சொந்தக்காரன்

கடியபட்டணத்து பெனிட்டோவுக்கு ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருடமாக மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்கி, பாறையில் சிப்பி பெயர்க்கிறார். நடுவில் இரண்டு வருடம் கத்தாரில் சிமெண்டு சுமந்தார். கடலுக்கடியில் எப்போதும் அடைத்து வலிக்கும் காது ஒன்றுதான் அங்கே வலிக்கவில்லை என்பார்.

கடலில் உள்ள எல்லாவற்றையும் அவர் இரண்டாகத்தான் பிரிப்பார்: ஆளைக் கடிப்பது, கடிக்காதது. யாராவது எதிர்த்துப் பேசினால் கைலியை மடக்கி, கிளாத்தி மீன் கடித்த தழும்பைக் காட்டிவிடுவார். அதற்குமேல் வாதம் கிடையாது.

மகள் லிஜி மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள். கண்காட்சிக்கு உயிருள்ள பாறைமீன்கள் வேண்டும் என்று ஆசிரியை கேட்டபோது, "எங்க அப்பா கடல்ல முங்கிச் சிப்பி எடுக்கிறவரு, அவரு கொண்டு வருவாரு" என்று வகுப்பு முன்னால் சொல்லிவிட்டாள். அப்பாவின் தொழிலை அவள் அங்கே வாய்திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. பெனிட்டோவுக்கும் அது தெரியும். மூன்று நாள் சிப்பியை விட்டுவிட்டு மீன் தேடினார்.

எட்டு மீன் கிடைத்தது. அதில் ஒன்று பேத்தை மீன். உடம்பைப் பந்தாக ஊதும், கடிக்கும், விஷமும் கூட. அதைத் தனி வாளியில் போட்டார். மற்ற ஏழும் ஒரே வாளியில். அந்த ஏழில் ஒன்று பெட்டிமீன் குஞ்சு. எலுமிச்சம்பழம் அளவு, மஞ்சளில் கறுப்புப் புள்ளி. உடம்பே கெட்டி ஓடு என்பதால் வளைய முடியாது. கண்ணும் வாயும் துடுப்பும் வாலும்தான் அசையும். இருப்பதிலேயே சாது இதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

பஸ் வழிநெடுகக் குலுங்கியது. கல்லூரி வாசலில் மூடியைத் திறந்தால் தண்ணீர் நுரைத்துக் கிடந்தது. ஆறு மீன் மல்லாந்து மிதந்தன. மஞ்சள் குஞ்சு மட்டும் ஓரத்தில் துடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தது.

பெனிட்டோவுக்கு முகம் செத்துவிட்டது.

லிஜி குனிந்து பார்த்தாள். "பயந்தா இது தோலிலேருந்து விஷம் விடும்பா. பேத்தை, கிளாத்தி, இது எல்லாம் ஒரே வம்சமாக்கும்."

"இது ஒருநாளும் என்னைக் கடிச்சதில்லையே மக்கா."

"பேத்தையைத் தனியா வச்சியளே!"

"அவன் விஷக்காரன்னு தெரியும். அவனுக்குச் சொந்தக்காரன் உண்டுன்னு எனக்கு யாரு சொன்னா?"

லிஜி வாளிகளைக் கண்காட்சி மேசைக்குத் தூக்கிப் போனாள். மஞ்சள் குஞ்சை ஒரு தொட்டியிலும் பேத்தையை இன்னொன்றிலும் விட்டாள். நடுவில் செத்த ஆறையும் வெள்ளைத் தட்டில் வரிசையாக அடுக்கி, ஓர் அட்டை எழுதி வைத்தாள். அன்று கூட்டம் நின்றதே அந்த மேசையில்தான்.

கூட்டம் கலைந்த பிறகு பெனிட்டோ கிட்டே போய் எழுத்துக்கூட்டி வாசித்தார். 'கொன்றது பெட்டிமீன். ஒரே வாளியில் சேர்த்து வைத்தவர் என் அப்பா, சிப்பித் தொழிலாளி.' வெட்கமாக இருந்தது. ஆனாலும் 'என் அப்பா' என்ற இடத்தை இன்னொரு தடவை வாசித்தார்.

"பேத்தையைத் தனியா வச்சதும் அவருதான்னு ஒரு வரி சேரு மக்கா."