கட்-ஆஃப் அண்ணனின் கட்டைவிரல்

வண்டியை நிறுத்துவதில் கட்-ஆஃப் அண்ணனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மோட்டார் சைக்கிள் ஷோரூமில் அவருக்கு அதுதான் வேலை. புதிதாக ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள், அவர்களைவிட அதிகமாக நடுங்கும் அம்மாக்கள், நடுங்காதது போல் நடிக்கும் அப்பாக்கள் என்று எல்லாரையும் அரைவட்டமாக நிற்க வைத்து, கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் பளபளவென்று நிற்கும் வண்டியில் ஏறி உட்காருவார்.

“பாருங்க, சைடு ஸ்டாண்டு கீழே இருக்கு. எடுக்க மறந்துட்டேன். மனுஷன்தானே, மறப்பேன். இப்போ கியரைப் போடுறேன்.”

இடது கால் அழுத்தும். அதுவரை உறுமிக்கொண்டிருந்த எஞ்சின் பொசுக்கென்று அடங்கிவிடும்.

“ஐயையோ, செத்துடுச்சா?” என்று ஓர் அம்மா நெஞ்சில் கை வைப்பார்.

“காப்பாத்திடுச்சும்மா! ஸ்டாண்டோட கிளம்பியிருந்தா முதல் திருப்பத்துலயே அது தரையில தட்டி உங்க பிள்ளை குப்புற விழுந்திருப்பான். அதான் வண்டியே ‘நான் வரமாட்டேன் போ’ன்னு சொல்லுது.”

அடுத்து, கியரில் இருக்கும்போது கிளட்சைப் பிடிக்காமல் ஸ்டார்ட் பட்டனை அழுத்துவார். வண்டி கல்லுப்பிள்ளையாராக இருக்கும்; துள்ளிப் போய்க் கண்ணாடியை உடைக்காது. கடைசியில் கச்சேரியின் உச்சம். வலது கைப்பிடியில் இருக்கும், எஞ்சினைக் கட்-ஆஃப் செய்யும் சிவப்பு சுவிட்ச்.

“பயம் வந்தா யோசிக்காதீங்க. கட்டைவிரல். அவ்வளவுதான்!”

டக். எஞ்சின் அவுட். கைதட்டல். முதலில் தட்டுவது நடுங்காத அப்பாக்கள்.

இத்தனை பெருமைக்கு நடுவில் ஒரே ஒரு சங்கதிதான் வெளியே தெரியாது. அண்ணனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

தெரியாது என்றால் சுமாராகத் தெரியும் என்று அர்த்தமில்லை. அறவே தெரியாது. அவர் கைப்பிடியைப் பிடித்த எந்த வண்டியும் ஓர் அங்குலம்கூட முன்னால் நகர்ந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்தபோது யாரும் கேட்கவில்லை. மீன் விற்கிறவனைப் பார்த்து நீச்சல் தெரியுமா என்று யார் கேட்கிறார்கள்? கேட்டால் சொல்லிவிடலாம் என்றுதான் அண்ணனும் இருந்தார். யாரும் கேட்காமலேயே தலை நரைத்துவிட்டது. காலையில் அவருடைய மனைவி, ஒரு கிளினிக்கில் காயத்துக்குக் கட்டுப்போடும் நர்ஸ், தன் ஸ்கூட்டரில் அவரைப் பின்னால் ஏற்றி வந்து ஷோரூமுக்கு முந்தின முனையில் இறக்கிவிடுவார். அங்கிருந்து ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வண்டிக்கு இடம் தேடி அலைந்து களைத்தவரைப்போல அண்ணன் நடந்து வருவார். அந்தக் களைப்பை மட்டும் நன்றாகவே பழகி வைத்திருந்தார்.

வந்தார் புது மேனேஜர். வயதில் சின்னவர், சும்மா உட்காரத் தெரியாதவர். முதல் கூட்டத்திலேயே மேஜையைத் தட்டினார்.

“நின்ன இடத்துல காட்டுறதெல்லாம் பழைய கதை. இனிமே புதுசா வர்றவங்களைப் பின்னாடி உட்கார வெச்சு, ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போய்க் காட்டணும். சனிக்கிழமை முதல் கஸ்டமரா நானே உட்காருறேன். ஓட்டப்போறது நம்ம அண்ணன்!”

எல்லாரும் கை தட்டினார்கள். அதோடு விட்டாரா?

“இன்னொரு பிராஞ்சுல ஒரு கூத்து தெரியுமா? ஓட்டவே தெரியாம ஒருத்தர் இதே வேலையைப் பார்த்திருக்காரு! கையோட வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.”

ஷோரூமே விழுந்து விழுந்து சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அண்ணன்தான்.

“ஏங்க, மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?” என்றார் மனைவி, வீட்டுக்கு வந்ததும்.

சொன்னார். அந்த அம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கதவை விட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

“சிரிக்காதே. வேலை போயிடும்.”

“வேலை போனா வேற வேலை பார்த்துக்கலாம். ஆனா ஓட்டத் தெரியாதவர்னு பட்டம் கட்டி அனுப்புவாங்க பாருங்க, அதை உங்களால தாங்க முடியாது.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “காலையில சீக்கிரம் எழுந்திருங்க. நான் கத்துத் தர்றேன்.”

கிளினிக்குக்குப் பின்னால் ஒரு வெற்று மைதானம். மோட்டார் சைக்கிள், ஆம்புலன்ஸ் டிரைவரிடம் இரவல். டிரைவரும் வந்திருந்தார். கூடவே ஆம்புலன்ஸையும் கொண்டுவந்திருந்தார்.

“இது எதுக்குய்யா?” என்றார் அண்ணன்.

“சும்மா சார். காத்தாட வரட்டுமேன்னு.”

அண்ணன் ஏறினார். கிளட்ச், கியர், ஆக்சிலேட்டர் எல்லாம் பேச்சில் தண்ணிபட்ட பாடு. கிளட்சை மெல்ல விட்டார். வண்டி ஒரு முழம் நகர்ந்தது. டக். எஞ்சின் அவுட்.

“ஏன் நிறுத்தினீங்க?”

“நான் நிறுத்தலையே!”

“பின்னே, நானா நிறுத்தினேன்?”

திரும்பவும் கிளம்பினார். ஒரு முழம். டக். குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டது: வலது கைக் கட்டைவிரல். பயம் வந்தால் யோசிக்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, ஊர் கேட்டதோ இல்லையோ, அவருடைய சொந்த விரல் அதை மனப்பாடமாகக் கேட்டுவைத்திருந்தது. வண்டி அசைந்தால் போதும், அவரைக் கேட்காமலேயே சிவப்பு சுவிட்சுக்குப் பாய்ந்தது. மடக்கச் சொன்னார் மனைவி. மடங்கிப் போய், முட்டியால் அழுத்தியது. அதட்டிப் பார்த்தார். விரலுக்குக் காது ஏது?

மைதானத்தின் நடுவரைக்கும்கூடப் போய்ச் சேராமலே இரண்டு காலைப்பொழுது கழிந்தது. மூன்றாம் நாள் அந்த அம்மாள் கைப்பையைத் திறந்தார். பஞ்சு, துணி, பிளாஸ்திரி. அடிபடாத விரலுக்கு அவர் போட்ட முதல் கட்டு அதுவாகத்தான் இருக்கும். சுற்றினார், சுற்றினார், விரல் ஒரு குட்டித் தலையணை ஆகும்வரை சுற்றினார்.

“இப்போ போங்க, பார்க்கலாம்.”

இடது கையை நீட்டி ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார். கியர் போட்டார். வண்டி நகர்ந்தது. விரல் பாய்ந்தது. பஞ்சு சுவிட்சைத் தொட்டது, தடவியது, வழுக்கியது. வண்டி நிற்கவில்லை! இரண்டு முழம், பத்து முழம், மைதானத்தின் பாதி. அண்ணனின் வாயிலிருந்து “ஹேய்ய்ய்ய்” என்று ஒரு சத்தம் கிளம்பியது. ஆம்புலன்ஸ் டிரைவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சைரனை ஒரு முறை அடித்தே விட்டார்.

“பிரேக்குங்க! கையும் காலும் சேர்த்து, மெதுவா!” என்று கத்திக்கொண்டே மனைவி பின்னால் ஓடினார். அண்ணன் பிரேக்கைப் பிடித்தார். வண்டி நின்றது. ஓடிவந்த மனைவி பின்பக்கத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு வெள்ளிக்கிழமைவரை அப்படியேதான் நடந்தது. இவர் ஓட்டுவார், நிறுத்துவார்; அவர் வந்து பிடித்துக்கொள்வார்.

சனிக்கிழமை. மேனேஜர் ஹெல்மெட்டும் கையுமாக வாசலுக்கு வந்தார்.

“விரலுக்கு என்னாச்சுண்ணே?”

“வீட்டுல சின்ன அடி சார்.”

“ஓட்டிடுவீங்களா?”

“ஏறுங்க சார்.”

ஏறினார். ஸ்டாண்டை எடுத்த வேகத்திலேயே வண்டி கிளம்பியது. ஷோரூம் மொத்தமும் வாசலில் நின்று கையசைத்தது. தையல் கடை போனது, மருந்துக்கடை போனது, தினமும் மனைவி இறக்கிவிடும் முனையும் போனது. தான் நடந்தே தேய்த்த தெரு இப்படி மளமளவென்று பின்னால் ஓடும் என்று அண்ணன் கனவிலும் நினைத்ததில்லை. காற்று ஹெல்மெட்டுக்குள் புகுந்து காதில் கிசுகிசுத்தது. ஆக்சிலேட்டர் தன்னாலே கொஞ்சம் திரும்பியது.

“அண்ணே, மெதுவா! அண்ணே! அம்மாஆஆ!”

கடைசியில் கேட்டது மேனேஜரின் குரல் என்று அண்ணனுக்கு உடனே பிடிபடவில்லை. அவ்வளவு மெல்லிய குரல். திருப்பம் தாண்டியதும், கட்டிக்கொண்டிருக்கும் வீட்டு வாசலில் மணல் இறக்கிக்கொண்டிருந்த லாரி பாதி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. அண்ணன் பதறவில்லை. கையும் காலும் சேர்த்து, மெதுவாக, பிரேக். வண்டி நின்றது. பாடப்புத்தகத்தில் படம் போடலாம், அப்படி நின்றது.

காலை ஊன்ற வேண்டும் என்பதுதான் அவருக்குத் தோன்றவில்லை.

பாவம், எப்படித் தோன்றும்? ஷோரூமில் வண்டியை ஸ்டாண்டு தாங்கியது. மைதானத்தில் மனைவி தாங்கினார். நின்ற வண்டி தானாக நிற்கும் என்பதே அவருடைய வாழ்நாள் அனுபவம். இரண்டு காலையும் மேலே வைத்துக்கொண்டு, சிங்காசனத்தில் இருப்பவரைப்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வண்டி கொஞ்சம் யோசித்தது. பிறகு இடது பக்கமாக, அவசரமே இல்லாமல், மணல் குவியலில் படுத்துக்கொண்டது. அவரும் படுத்தார். மேனேஜரும் படுத்தார்.

எஞ்சின் தானாகவே அடங்கியது.

“சார்!” அண்ணன் மணலில் மல்லாந்தபடியே உற்சாகமானார். “கவனிச்சீங்களா? யாரும் சுவிட்சைத் தொடலை! வண்டி சாய்ஞ்சிடுச்சுன்னு உள்ளே ஒரு சென்சார் கண்டுபிடிச்சு, எஞ்சினைத் தானா கட் பண்ணிடுச்சு. விழுந்த பிறகும் சக்கரம் சுத்தி யாரையும் காயப்படுத்தக்கூடாது பாருங்க. திரும்ப எடுக்கணும்னா சாவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா...”

“அண்ணே.” மேனேஜர் வாயிலிருந்த மணலைத் துப்பினார். “உங்களுக்கு ஓட்டத் தெரியுமா, தெரியாதா?”

லாரிக்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். பொய் சொல்ல வசதியான நிலையில் அண்ணன் இல்லை.

“தெரியும் சார். இந்த வாரத்துலேர்ந்து.”

மேனேஜர் வானத்தைப் பார்த்தார். வயிறு குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று அண்ணன் பயந்துபோனார். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஓட்டுறதெல்லாம் சரிதாண்ணே. திங்கட்கிழமைக்குள்ள காலை ஊனக் கத்துக்குங்க. கஸ்டமரை இப்படி மணல்ல படுக்கவைக்க முடியாது.” எழுந்து சட்டையைத் தட்டினார். “அப்புறம், நான் அம்மான்னு கத்தினது...”

“யாரு சார் கத்தினா?”

“ஆமா, யாரு கத்தினா?”

லாரிக்காரரும் சேர்ந்து மூவருமாக வண்டியைத் தூக்கினார்கள். சாவியை ஆஃப் பண்ணி, ஆன் பண்ணி, அண்ணன் ஏறினார். “ஏறுங்க சார்.”

“நான் நடந்தே வர்றேன்.”

அண்ணன் போனார். ஷோரூம் வாசல் வந்தது, போனது. கட்டடத்தையே ஒரு சுற்றுச் சுற்றி, நடந்துகொண்டிருந்த மேனேஜரைத் தாண்டும்போது, “ஏறுறீங்களா சார்?” என்று கேட்டுக்கொண்டே போனார்.

“வேண்டாம்!”

மறுபடியும் வந்தார். “இப்போ?”

“வேலை நேரம்ணே இது!”

அடுத்த முறை அண்ணன் பிரேக்கைப் பிடிப்பதைப் பார்த்ததும் மேனேஜர் ஓடிப்போய் வண்டியின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் கவ்விக்கொண்டார். “ஊனுங்க! காலை ஊனுங்கண்ணே!”

அண்ணன் ஊன்றினார். குனிந்து, தரையில் பதிந்திருந்த தன் இரண்டு கால்களையும் பார்த்தார். வண்டி சாயவில்லை.

“இனிமே ஏறலாம் சார்,” என்றார்.

மேனேஜர் கொஞ்ச நேரம் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஏறிக்கொண்டார்.