மாமா பூட்டிய பனித்தட்டு

பனி அழகு என்று படம் எடுத்துப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். டேனிஷ் ஊரான விபோர்க்குக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் ஒரு வாடகைப் பண்ணைவீட்டில் இருந்து பார்த்தால் தெரியும். காற்று வயல் பனி முழுவதையும் அள்ளிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுக்கு வரும் ஒழுங்கைக்குள் கொட்டும். பெரிய ரோட்டைக் கொம்மூன்காரர், நகரசபை ஆட்கள், வந்து வழிப்பார்கள். ஒழுங்கை எங்கள் பாடு.

ஆனால் எனக்குப் பத்து வயதில், வன்னிச் சண்டை முடிவுக்கு வந்துகொண்டிருந்த அந்த மாசியில், அந்தப் பனியைப் போல எனக்குச் சந்தோஷம் தந்தது வேறொன்றும் இல்லை.

எங்கள் கார்க்கொட்டில் பெரியது. அதனால் சுற்றியிருந்த தமிழ்ச் சனம் வன்னிக்கு அனுப்பவென்று சேர்த்த அரிசி மூட்டைகளை அங்கேதான் அடுக்கியிருந்தார்கள். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் ஓகூஸில் ஒரு கிட்டங்கிக்குக் கொண்டுபோனால் கப்பலில் ஏற்றி அனுப்புவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். வன்னியில் ஏதோ ஒரு கூடாரத்துக்குள் அம்மாவின் அக்காவான பெரியம்மாவும் பிள்ளைகளும் இருந்தார்கள். பொங்கலுக்குப் பிறகு பெரியம்மா போன் எடுக்கவில்லை. அம்மாவின் தம்பியான மாமா எங்களோடுதான் இருந்தார். அக்காவுக்குச் சோறு போகவேண்டும் என்பதைத் தவிர அவரிடம் வேறு கதை இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது ஒழுங்கையைக் காணவில்லை. வேலிக்கட்டையின் நுனிகள் மட்டும் தெரிந்தன. அப்பாவும் மாமாவும் சவளால் வெட்டினார்கள். வெட்ட வெட்டக் காற்று நிரப்பியது. பக்கத்துப் பண்ணைக் கிழவரின் டிராக்டர் திருத்தப் போயிருந்தது. ஆனால் எப்போதோ ஒரு ஜீப்புக்கு முன்னால் பூட்டிப் பனி வழித்த பனித்தட்டு ஒன்று அவருடைய களஞ்சியத்தில் கறள் பிடித்துக் கிடந்தது. வேண்டுமென்றால் எடுத்துப் போங்கள் என்றார்.

மாமாவிடம் ஒரு பழைய பிக்கப் இருந்தது. கதவு ஒன்று வேறு நிறம். மாமா தொழிற்சாலையில் வெல்டிங் வேலை செய்தவர். தட்டை இழுத்துக்கொண்டு வந்து பிக்கப்புக்கு முன்னால் போட்டார்கள்.

"கலப்பை வந்திட்டுது. மாடு எங்கை?" என்றார் அப்பா.

"நீங்கள் இருக்கிறியள்தானே அத்தான். உந்தப் பக்கத்தைப் பிடியுங்கோ."

நான் பள்ளிக்கூடம் போகவில்லை. ஒழுங்கை இல்லாமல் எப்படிப் போவது? நாள் முழுவதும் அவர்களுடைய காலுக்குள்ளேயே நின்றேன். மாமா முன் பம்பரைக் கழற்றி எறிந்தார். அடிச்சட்டத்தின் இரண்டு பக்கமும் தடித்த இரும்புத் தகடு வைத்து முடுக்கினார். தட்டின் இரண்டு கைகளையும் அதில் மாட்டினார். மேலே ஒரு குறுக்குச் சட்டத்தை ஒட்டி, அதில் பாரம் தூக்கி இறக்கும் மோட்டார் வின்ச்சைப் பூட்டி, சங்கிலியால் தட்டைத் தொங்கவிட்டார். பொறி பறந்தது. பார்க்காதே, கண் போகும் என்று கத்தினார்கள். விரல் இடுக்கால் பார்த்தேன்.

வின்ச்சின் வயர் ஜன்னலால் உள்ளே வந்தது. நுனியில் இரண்டு பொத்தான்கள். ஒன்று தூக்க, மற்றது இறக்க. மாமாவுக்கு ஓட்ட இரண்டு கையும் வேண்டும். அப்பா பின்னால் நின்று தள்ளவேண்டும். அம்மா அந்தச் சாமானைத் தொடமாட்டேன் என்றார். பொத்தான் எனக்கு வந்தது. அன்றிரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை. அவ்வளவு புளுகம், சந்தோஷம்.

சனிக்கிழமை காலை "நெத்!" என்று, கீழே என்பதற்கான டேனிஷ் சொல்லைக் கத்திக்கொண்டு தட்டை இறக்கினேன். மாமா கியரைப் போட்டு அழுத்தினார். பிக்கப் பனிக்குள் மூக்கைக் குத்தியது. பின்சில்லுகள் நின்ற இடத்திலேயே சுழன்றன. அப்பாவின் முகம் முழுக்கப் பனி. மறுபடி அழுத்தினார், மறுபடி அதே கதை. பின்னால் பாரம் இல்லை என்று கிழவர் வேலிக்கு அப்பால் நின்று கத்தினார். மண் போடலாம் என்றால் மண் உறைந்து கல்லாகிக் கிடந்தது.

மாமா கார்க்கொட்டிலைப் பார்த்தார்.

"தம்பி, அது அந்தச் சனத்தின்ரை சாப்பாடு. உன்ரை விளையாட்டுக்கு இல்லை" என்றார் அம்மா.

"கொண்டு போகத்தானே அக்கா போறம். எப்பிடியும் ஏத்தத்தானே வேணும்."

அம்மா தானே போய் முதல் மூட்டையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

எல்லா மூட்டையும் ஏறியதும் பிக்கப் பின்பக்கத்தால் குந்தியது. இந்த முறை சில்லு சுழலவில்லை. தட்டு பனியைச் சுருட்டி ஒரு பக்கமாக எறிந்தது. முட்டும்போது "ஓப்!" என்று தூக்குவேன், மாமா பின்னுக்கு எடுப்பார், "நெத்!" என்று இறக்குவேன், மறுபடி பாய்வோம். கண்ணாடி எல்லாம் வெள்ளை. "விடாதை பிள்ளை, விடாதை!" என்று மாமா கத்தினார். பெரிய ரோட்டில் ஏறியபோது இரண்டு பேருக்கும் தொண்டை அடைத்துவிட்டது. தட்டைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓகூஸ் வரை ஓடினோம். அதற்குச் சட்டம் இருந்ததோ என்று நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை.

மத்தியானத்துக்கு முன்பே போய்விட்டோம். கிட்டங்கிக் கதவு பூட்டியிருந்தது. வெளியே ஒரு பெடியன் நின்றான்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. அங்கத்தைய அரசாங்கம் கப்பலை உள்ளுக்கு விடாதாம். இனி ஒண்டும் எடுக்கேல்லை. திருப்பிக் கொண்டு போங்கோ."

"நான் ஒழுங்கை வெட்டிக்கொண்டு வந்தனான்" என்றார் மாமா. அவன் நிலத்தைப் பார்த்தான். "தம்பி, நான் ஒழுங்கை வெட்டிக்கொண்டு வந்தனான்."

பசியில் கிடந்த சனத்துக்கு அரிசி போகக்கூடாது என்று முடிவெடுத்தவர்கள் அன்று மத்தியானம் வயிறு நிறையத் தின்றிருப்பார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்று எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. அரிசி போனால் பாரம் போய்விடும், வீட்டுக்குப் போகும்போது தட்டை இறக்க முடியாது என்ற ஒரே கவலைதான் வழி முழுக்க எனக்கு இருந்தது. அதனால் கைதட்டினேன்.

"அப்ப பாரம் இருக்கு மாமா! இன்னும் வழிக்கலாம்!"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஓம் பிள்ளை. வழிக்கலாம்" என்றார்.

வீடு வந்து சேர்ந்தோம். ஒழுங்கையைக் காற்று மறுபடி பாதி நிரப்பியிருந்தது. வழித்தோம். எங்கள் படலையில் நிற்காமல் கிழவர் வீடு வரைக்கும் வழித்தார். திரும்பி வந்து மறுபடி வழித்தார். பிறகு பனியே இல்லை. கல்லில் தட்டு உரசிக் கிறீச்சிட்டது, பொறி பறந்தது. அப்பா வாசலுக்கு வந்து நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். அம்மா அப்பாவின் கையைப் பிடித்து இறக்கினார். மாமா நிறுத்தவில்லை. வெறும் நிலத்தை வழித்துக்கொண்டு ஒழுங்கையின் அந்தத் தலைப்புக்கும் இந்தத் தலைப்புக்கும் ஓடிக்கொண்டேயிருந்தார். எனக்காகத்தான் விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்து, பொத்தானை இறுக அழுத்திக்கொண்டு, இன்னும், இன்னும் என்று நான் கத்தினேன்.