பசுமை அலுவலகத்தில் பறை காய்ச்சுவது

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால், மூடிப்போன பட்டறை ஒன்றில்தான் எங்கள் கலை அறக்கட்டளையின் அலுவலகம். ஓய்வுபெற்ற அரசு ஊழியன், விதிகள் எழுதத் தெரிந்தவன் என்பதால் என்னைக் கௌரவச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள்.

தலைவி ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்த வாரமே நாங்கள் பசுமை அலுவலகம் ஆகிவிட்டோம். வாசலில் மூங்கில் தொட்டிகள் வந்தன. தண்ணீர் பாட்டிலுக்குத் தடை வந்தது. காகிதத்தைச் சேமிக்கச் சொல்லும் துண்டறிக்கை கட்டுக்கட்டாக அச்சாகி வந்தது, ஒரு பக்கம் மட்டும். வளாகத்துக்குள் எதையும் கொளுத்தக் கூடாது என்று ஒரு விதி. எழுதிய புண்ணியவான் நான்தான்.

மாட்டிக்கொண்டவர் பறை ஆசிரியர். வாரநாளில் லேத் ஓட்டுவார், ஞாயிறுகளில் எங்களிடம் வகுப்பு எடுப்பார். பறையைத் தீயில் காட்டிச் சூடேற்றாமல் அடித்தால் தோல் தொளதொளவென்று கிடக்கும். தலைவி அதற்கும் வழி கண்டுபிடித்தார்: பிளாஸ்டிக் தோல் போட்ட பறைகள். பாட்டிலைத் தடைசெய்த அலுவலகத்தில் அவை பிளாஸ்டிக் உறை சுற்றி வந்து இறங்கின. பசுமை அலுவலகத் திறப்பு விழாவில் அவற்றைத்தான் அடிக்க வேண்டும். மறுத்தால் வகுப்பு ரத்து.

ஆசிரியர் ஒன்றை விரலால் சுண்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, பக்கெட்ட தட்னா மாரி கீது."

"வகுப்பு போய்விடுமே?"

"அதான் சார். இத்த அடிச்சா மானம் போவுது, அடிக்கலன்னா கிளாஸ் போவுது."

விழாவன்று மழை தூறி நின்றிருந்தது. உள்ளே ஏசியைப் பதினெட்டில் வைத்துப் புவி வெப்பமாதல் பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். நான் ஆசிரியரைக் கேட் பக்கம் அழைத்துப் போனேன்.

"நம் விதி கேட்டோடு முடிகிறது. ரோட்டில் கொளுத்தவும் தடை உண்டு, பிடிக்கத்தான் ஆள் இல்லை. இந்தாருங்கள்." துண்டறிக்கைக் கட்டுகளைக் கொடுத்தேன்.

"பலே ஆளு சார் நீ!"

அவருடைய மாட்டுத்தோல் பறைகள் ரோட்டோரத் தீயில் காய்ந்தன. முதல் அடி விழுந்ததுமே உள்ளே இருந்த கூட்டம் ரோட்டுக்கு வந்துவிட்டது, பேசிக்கொண்டிருந்தவரும் வந்தார். தலைவி கடைசியாக வந்து, புகையில் கண்ணைக் கசக்கியபடி, தாளம் தப்பிக் கைதட்டினார்.

மறுவாரம் அவர் சொல்லச் சொல்ல நடவடிக்கைக் குறிப்பை நான் எழுதினேன்: "மின்சாரமின்றித் திறந்தவெளியில் நிகழ்ச்சி நடந்தது. பழைய தாள்கள் மறுபயன்பாடு செய்யப்பட்டன. ஞாயிறு வகுப்பு தொடரும்." எழுதி, சரிபார்த்து, கையெழுத்தும் போட்டேன்.

பிளாஸ்டிக் பறைகள் இப்போது மூங்கில் தொட்டிகளுக்கு அடியில் தண்ணீர் பிடிக்கின்றன.