ரம்பம் நின்ற நேரம்

ஒன்பது வருடங்களாக அவளுக்குப் பிழைப்பே காதுதான். நீதிமன்ற விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டு, ஒரு வார்த்தை விடாமல் தட்டச்சு செய்து கொடுப்பாள். இருமியது சாட்சியா வக்கீலா என்றுகூடச் சொல்லிவிடுவாள். வீட்டில் வாய்க்குள் முணுமுணுக்கக்கூட வழியில்லை என்று அவள் கணவர் அலுத்துக்கொள்வார்.

அவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவர். சர்க்கரை நோயாளி. அன்று காலை ஏதோ அற்ப விஷயத்துக்கு வாக்குவாதம். இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டவர், சாப்பிடாமல் விருட்டென்று கிளம்பிவிட்டார். அவளும் வீம்பாக இருந்துவிட்டாள். பதினொரு மணிக்கு மனசு கேட்காமல் போன் செய்தாள்.

எடுத்தார். "நாலு... நாலு... அப்புறம் என்ன?" நாக்கு குழறியது. எங்கே இருக்கிறீர்கள் என்றதற்கு, "படிக்குக் கீழ" என்றார். பிறகு போன் தரையில் விழுந்த சத்தம். இணைப்பு மட்டும் அறுபடவில்லை.

ஊசி போட்டுச் சாப்பிடாததில் அவருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லும்படி பக்கத்து வீட்டம்மாவிடம் கேட்டாள். முகவரி கேட்பார்களே என்றார் அந்தம்மா. முகவரிதான் இல்லை. இந்த வாரம் கடைத்தெருவுக்குப் பின்னால் வேலை என்பது மட்டும் தெரியும். அங்கே ஐந்து சந்துகள்.

சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, ஒரு காதில் இயர்போனோடு ஓட்டமும் நடையுமாகப் போனாள். போனுக்குள் அவருடைய மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அவருக்குப் பக்கத்திலேயே ஒரு மோட்டார் இரைந்தது. அதற்கும் அப்பால் மரம் அறுக்கும் ரம்பம்.

முதல் சந்திலேயே ஒரு மரக்கடை இருந்தது. உள்ளே நுழைந்து, ரம்பத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினாள். தச்சர் முறைத்துக்கொண்டே நிறுத்தினார். கடை அமைதியானது. காதுக்குள் ரம்பம் ஓடிக்கொண்டேயிருந்தது.

"இது இல்ல. வேற கடை எங்க இருக்கு?"

விஷயத்தைக் கேட்டதும் தச்சர் வேலையைப் போட்டுவிட்டு முன்னால் ஓடினார். நாலாவது சந்தில் இன்னொரு மரக்கடை. அங்கே ரம்பம் நின்றதும் போனிலும் நின்றது. மோட்டார் இரைச்சலும் மூச்சும்தான் மிச்சம். அந்த மூச்சுக்கு நடுவே இப்போது இடைவெளி நீண்டிருந்தது.

சுற்றிலும் மாடிக் கட்டடங்கள் ஏழெட்டு இருந்தன. ஒவ்வொரு வாசலிலும் நின்று, "என்னங்க" என்று கத்தினாள். மூன்றாவது வாசலில் தன் குரலே காதுக்குள் திரும்பக் கேட்டது.

மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர் மோட்டாருக்கும் மீட்டர் பலகைக்கும் நடுவில் சுருண்டு கிடந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தச்சர் தண்ணீர் கொடுக்கப் போனார்.

"வேண்டாம், புரையேறிடும். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க."

சர்க்கரையை விரலில் குழைத்து ஈறில் தேய்த்தாள். திரும்பத் திரும்பத் தேய்த்தாள். தச்சர் ஆம்புலன்ஸுக்கு முகவரி சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றார். எவ்வளவு நேரமோ, அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் கணவர் உதட்டைச் சப்பினார். கண் திறந்தது.

"இந்த வீட்டு மீட்டரை இன்னும் எழுதல" என்றார்.

வெளியே ஆம்புலன்ஸ் வந்து நின்றது. படுக்கையில் ஏற்றும்போது, காலையில் நடந்ததற்கு ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தார். முதலில் பேசாமல் வாருங்கள் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் ஏறினாள்.