ஆட்டின் ராணியின் கால்கள்

சீட்டுக்கட்டு ராணிக்குக் கால் கிடையாது என்பது அந்த ஆர்டர் வரும்வரை ஜெயசுந்தருக்கு உறைத்ததே இல்லை. விஸ்வநத்தத்தில் கருப்பணன் முதலாளியின் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் படம் போடுகிறவன் அவன். சீட்டு, காலண்டர், வெடிப்பெட்டி லேபிள் எல்லாம் அவன் கை பட்டுத்தான் மெஷினுக்குப் போகும். கோயம்புத்தூரில் ஒரு மில்காரர் புது வீட்டில் சீட்டாடவும் நண்பர்களோடு குடிக்கவும் தனி அறை கட்டியிருந்தார். அதன் சுவருக்குச் சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் ராஜாவும் ராணியும் ஆள் உயரத்தில், முழு உருவமாக வேண்டுமாம்.

"இதுல என்னலே கஷ்டம்?" என்றார் முதலாளி.

"சீட்டுல இடுப்புக்குக் கீழயும் தலைதான இருக்கு மொதலாளி. காலை நாமதான் போடணும்."

"போடு. எவன் வந்து பாக்கப்போறான்?"

ராஜாவை, முதலாளி தொந்தியைத் தள்ளிக்கொண்டு நிற்கிற மாதிரியே போட்டு முடித்தான். ராணிதான் நிற்க மறுத்தாள். எப்படிப் போட்டாலும் ஜவுளிக்கடைப் பொம்மை. மனைவி ஸ்வீட்டி எப்படி நிற்பாள் என்று யோசித்தான். நினைவுக்கு வரவில்லை. அவள் குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போய் மூன்று வருடம். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து பிரௌசிங் சென்டருக்குப் போய் அவளைப் பார்ப்பான். திரையில் மார்புவரைதான் தெரிவாள். அனுப்புகிற போட்டோவும் அப்படித்தான். இந்தக் கிறிஸ்துமசோடு ஒப்பந்தம் முடிகிறது. வந்துவிடுவாள் என்று வீட்டுக்கு வெள்ளையடித்து வைத்திருந்தான்.

அந்த ஞாயிறு, "கொஞ்சம் எந்திரிச்சு நில்லேன்," என்றான்.

"எதுக்குங்க?"

"ஒரு ராணிக்குக் கால் வேணும்."

"என் காலையா? நல்ல ராணிதான் போங்க!"

சிரித்துக்கொண்டே கேமராவைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டு, நாற்காலியைத் தள்ளி எழுந்தாள். கால் தெரிந்தது, முகம் போய்விட்டது. வெள்ளைச் சீருடை, வெள்ளை ஷூ. இடது காலில் பாரத்தை ஊன்றி, வலது காலைத் தளர்த்தி நின்றாள். தோசை வேகக் காத்திருக்கும்போது அடுப்படியில் இப்படித்தான் நிற்பாள். இதையா மறந்தான்? கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"பாத்துட்டீகளா?"

"அப்படியே இரு."

ஒரு துண்டுத்தாளில் அந்தக் கால்களைக் கோடிழுத்துக்கொண்டான். பிறகு முகமில்லாத அந்த உருவத்திலிருந்து குரல் வந்தது.

"ஏங்க... இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். போன வாரமே. சொல்ல வாய் வரல."

வலது ஷூவின் நுனி தரையை மெல்லத் தேய்த்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உக்காரு. கால் வலிக்கப்போகுது," என்றான்.

அந்த வாரமே ராணி முடிந்தாள். மெஷினில் அவ்வளவு பெரிய தாள் போகாது. மேல்பாதி ஒரு தாள், கீழ்ப்பாதி ஒரு தாள். சுவரில் சேர்த்து ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

"ஏலே, ராணிக்கு வெள்ளை ஷூவா?" என்று இழுத்த முதலாளி, "சரி, உசுரோட நிக்கா. இருக்கட்டும்," என்றார்.

கழித்துப்போட்டதில் கீழ்ப்பாதி ஒன்று கிடந்தது. ஓரத்தில் சிவப்பு மை கோட்டைவிட்டுச் சற்றே விலகியிருந்தது. அதைச் சுருட்டிக் கொண்டுவந்து, வெள்ளையடித்த சுவரில் ஒட்டினான்.

கிறிஸ்துமஸ் அன்று அவன் தனியாக இருப்பானே என்று பக்கத்து வீட்டு வேலுத்தாய் கறிக்குழம்பு கொண்டுவந்தாள். சுவரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன தம்பி இது, பாவாடையும் காலும் மட்டும் நிக்குது? தலை எங்க?"

"வரும்க்கா. இன்னும் ரெண்டு வருசம் ஆகும்."

"ஒரு தாள் அடிக்க அம்புட்டு நாளா?"