மைக்செட்காரரின் வயிற்றெரிச்சல்

அந்தத் தொகுதியில் யார் மேடை ஏறினாலும் மைக்செட்காரர் ஒருவர்தான். கட்சி பார்க்க மாட்டார். காலையில் லாரி முதலாளிக்கு ஸ்பீக்கர் கட்டுவார், மாலையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியைக்குக் கட்டுவார். இந்தத் தேர்தலில் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். கேட்க வந்தவர்கள் பேச்சின் நடுவே எழுந்து போய்விடலாம். ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்தவர் எங்கே போவது? ஒவ்வொரு வேட்பாளரின் பேச்சும், இருமல் உட்பட, மைக்செட்காரருக்கு மனப்பாடம்.

இருபத்தெட்டு வருஷத் தொழிலில் அவருக்குப் பாம்புச் செவி வாய்த்திருந்தது. வினையே அதுதான். மகளை எட்டு மாதக் குழந்தையாகக் காப்பகத்திலிருந்து முறைப்படி தத்தெடுத்து வந்தார்கள். அதை அவளிடம் மறைக்கவும் இல்லை. பதினேழு வயதில் அவள் வாயைத் திறந்து பாடினால் தெருவில் சைக்கிள் நிற்கும். அவருக்கோ அவர் மனைவிக்கோ தாலாட்டுகூடச் சுருதியில் வராது. விவரம் தெரியாத யாராவது "இந்தக் குரல் யாருதுங்க?" என்று கேட்டால், "என்னுதுதான்" என்று சிரிப்பார். உள்ளே பற்றிக்கொண்டு வரும். யாருடையது என்று அவருக்குத் தெரியாதா? அவர் பார்த்தே இராத ஒருத்தியுடையது. பெற்றுக் கொடுத்துவிட்டுப் போனவள், இத்தனை வருஷத்தில் ஒரு காய்ச்சலுக்குக் கண்விழிக்காதவள், மகளின் தொண்டையில் மட்டும் ஜம்மென்று குடியிருக்கிறாள்!

"யாரைப் பாத்துப் பொறாமைப்படறீங்கன்னு உங்களுக்கே தெரியாது," என்பாள் மனைவி. மருந்துக் கடையில் பில் போடுகிறவள், நோய்க்குப் பெயர் சொல்லத் தயங்க மாட்டாள். "அவ எப்படி இருக்கா, முதல்ல இருக்காளான்னாவது தெரியுமா?"

"இருப்பா. நல்லாத்தான் இருப்பா," என்பார் கடுப்பாக.

ஆகவே மற்றவர்கள் சாலை, தண்ணீர் என்று வேட்பாளர்களை எடைபோட, அவர் ஒரே விஷயத்தை வைத்து எடைபோட்டார். தத்துப்பிள்ளைக்குப் பதினெட்டு வயதானதும் பெற்றவர்களின் விவரம் உள்ள கோப்பைக் கையில் கொடுக்கச் சட்டம் கொண்டுவருவேன் என்றார் தலைமையாசிரியை. அந்தக் கோப்புகளைத் திறக்கவே விடமாட்டேன், வளர்த்தவனே தகப்பன் என்று மேஜையைத் தட்டினார் லாரி முதலாளி. மகளுக்கு அடுத்த வருஷம் பதினெட்டு. லாரி முதலாளி அதோடு வாயை மூடியிருந்தால் குழப்பமே இருந்திருக்காது. மனுஷன் அடுத்த வரியிலேயே, "எங்கேயோ கிடந்ததை எடுத்து வளர்க்கிற தியாகிகள்" என்று கைதட்டல் வாங்கினார். கிடந்ததாம்! மைக்கைப் பிடுங்கி மண்டையில் போடலாம் போல இருந்தது மைக்செட்காரருக்கு. ஆசிரியை ஒரு தடவைகூட அப்படிப் பேசியதில்லை. உங்கள் மகள், உங்கள் மகன் என்றுதான் சொல்வார். ஆனாலும் மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, கோப்பு பூட்டியே கிடந்தால் போதும் என்று லாரி முதலாளிக்கே ஓட்டு என முடிவு கட்டினார்.

தேர்தலுக்கு நாலு நாள் முன்பு, மாலை நான்கு மணிக்கு, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் ஆசிரியையின் கூட்டம். மகள் பள்ளிச் சீருடையோடு நேராக வந்து ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அரசியல் கூட்டத்துப் பக்கமே அவள் வந்ததில்லை.

"என்னம்மா திடீர்னு?"

"சும்மாதாம்ப்பா. கேக்கலாம்னு."

வடிகால், பள்ளிக்கூடக் கூரை எல்லாம் முடித்துவிட்டு ஆசிரியை தண்ணீர் குடித்தார். அடுத்தது கோப்புதான், பேச்சின் வரிசை மைக்செட்காரருக்கு அத்துப்படி. இன்றைக்கு ஆசிரியையின் கையில் புதிதாக ஒரு காகிதம் வேறு இருந்தது. "பதினேழு வயசுப் பொண்ணு ஒருத்தி எனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கா" என்று ஆரம்பித்ததும் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் ஆவல். அதைப் பார்த்ததும் அவருக்கு வயிறு திகுதிகுவென்று எரிந்தது. கை தானாகப் போய் வால்யூம் திருகைக் குறைத்தது.

மேடையில் வாய் மட்டும் அசைந்தது. "கேக்கல, கேக்கல!" என்று கூட்டம் கத்தியது. அவர் எழுந்து போய், நன்றாக இருந்த வயரை உதறினார், பிளக்கைப் பிடுங்கிச் சொருகினார், நெற்றியைத் துடைத்தார். ஒரு பேச்சை எப்படிக் கொல்வது என்பது மைக்செட்காரனுக்குத் தெரிந்த அளவுக்கு எதிர்க்கட்சிக்குக்கூடத் தெரியாது. ஐந்து நிமிஷம் கழித்துச் சத்தம் திரும்பியபோது, ஆசிரியை காகிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தெருவிளக்குப் பிரச்சினையைப் பேச ஆரம்பித்திருந்தார்.

கூட்டம் கலைந்தபின் அவர் வயரைச் சுருட்டினார். மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வயர் நல்லாத்தான்ப்பா இருந்துச்சு. நீங்க திருகினதைப் பாத்தேன்."

பிடிபட்ட கோபம் அவருக்கு. "ஆமா, திருகினேன். எவளோ எழுதின கடுதாசியை ஊருக்கே படிச்சுக் காட்டணுமாக்கும்?"

"எவளோ இல்லப்பா. நான்தான் எழுதினேன்."

சுருட்டிய வயர் கையிலிருந்து நழுவியது. "என்னன்னு?"

"என்னைப் பெத்தவங்களப் பத்தித் தெரிஞ்சுக்கணும்னு. வீட்ல கேக்க முடியல, கேட்டா எங்கப்பா ரெண்டு நாள் சாப்பிட மாட்டாரு, அதனால உங்ககிட்ட கேக்கறேன்னு."

பெற்றவள் மேல் இருந்த பொறாமை போதாதென்று இப்போது ஆசிரியை மேலும் சேர்ந்துகொண்டது. பெற்றவளாவது ரத்தம் கொடுத்தவள், இந்த அம்மா யார்? தோளிலும் மார்பிலும் போட்டு வளர்த்தவனிடம் சொல்ல முடியாததை மகள் ஏன் முன்பின் பழகாத ஒரு பென்ஷன்காரிக்கு எழுத வேண்டும்? வீடு போய்ச் சேரும்வரை அதையே யோசித்தார். காரணம் தான்தான் என்று புரிந்தபோது யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை. மகள் எழுதின மாதிரியே இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

தேர்தல் அன்று வேண்டுமென்றே இழுத்தடித்துக் கடைசி நேரத்தில் கிளம்பினார். மகளும் கூட வந்தாள். வாக்குச்சாவடி வாசலில் நின்று மெல்லக் கேட்டார்.

"உன்னைப் பெத்தவளை நேர்ல பாத்தா, என்னை யாருன்னு சொல்லுவே?"

"அப்பான்னு. வேற என்னன்னு சொல்றதாம்?"

"அவளை?"

மகள் யோசித்தாள். அவர் மனசு குளிர ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"தெரியலப்பா. பாத்தாதான் தெரியும். நீங்களும் கூட வாங்க, பாக்கலாம்."

எரிச்சல் கொஞ்சமும் அடங்கவில்லை. அடங்கட்டும் என்று காத்திருந்தால் சாவடியை மூடிவிடுவார்கள். எரிகிற வயிற்றோடேயே உள்ளே போய், ஆசிரியைக்குக் குத்திவிட்டு வந்தார்.